மதுரைக்கு இன்னொரு வயிறு

ஒரு வெள்ளாட்டை மதுரை எவ்வளவு முழுசாகப் பயன்படுத்துகிறது என்பதை நெல்பேட்டைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால் பார்த்துவிடலாம். தொடைக்கறிக்கும் நெஞ்சுக்கறிக்கும் ஆள் நிற்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே தலைக்கு முதல்நாளே ஒருவர் சொல்லி வைத்திருப்பார். கால்கள் பாயாவுக்கு, குடல் குழம்புக்கு, ரத்தம் பொரியலுக்கு. சோகை பிடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குச் சுவரொட்டி என்கிற மண்ணீரல். தோலுக்கு உப்புப் போட்டு மடித்துத் தனியாக அனுப்பிவிடுவார்கள். வீணாக்கக் கூடாது என்று யாரும் பாடம் நடத்தாமலே வந்த பழக்கம் இது.

அப்படியும் மிச்சம் விழுகிறது. இரைப்பையில் பாதி செரித்துக் கிடக்கும் தழை, பிழுக்கை, குடலைக் கழுவிய தண்ணீர், வாங்க ஆளில்லாமல் உறைந்துபோன ரத்தம், சவ்வு, கொழுப்புத் துண்டு. ஓர் ஆட்டுக்குச் சுமார் 2.5 கிலோ திடக்கழிவு என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கு வைத்திருக்கிறது. மாடு என்றால் உயிர் எடையில் கால் பங்குக்கும் மேல், 27.5 சதவீதம். பிராய்லர் கோழி வந்தபின் இந்தக் கணக்கு பெரிதாகிவிட்டது. இரண்டு கிலோ கோழி ஒன்றை உரித்தால் இறகு, குடல், தலை, கால் என்று அரைக் கிலோவுக்கு மேல் கழிந்துவிடும். ஆட்டின் உறுப்புகளுக்கு இருக்கும் மதிப்பு கோழியின் குடலுக்கு இல்லை. தெருவுக்குத் தெரு கோழிக்கடை. கடைக்குக் கடை மூடி போட்ட ஒரு டிரம்.

அந்த டிரம் ராத்திரி எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும். கண்மாய்க் கரை, சுற்றுச்சாலை ஓரம், வைகைப் பாலத்தின் அடி, ஒரு காலத்தில் ஆறாக ஓடி இன்று சாக்கடையாகிவிட்ட கிருதுமால். முறையாகக் குப்பை வண்டியில் ஏறியது வெள்ளக்கல் கிடங்குக்குப் போய் மற்ற குப்பையோடு அழுகுகிறது. நாய்கள் கூட்டமாகச் சேர்வதும், ஈ மொய்ப்பதும், நாற்றத்தில் அவனியாபுரத்து வீடுகள் சன்னலைச் சாத்துவதும் இதன் மறுபக்கம். கடைக்காரரைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. காலையில் அவர் கடை திறக்கும்போதே கழிவும் உற்பத்தியாகிறது; அதை எடுத்துப்போக ஒழுங்காக ஒரு வண்டி வருவதில்லை என்றால், சாயங்காலம் அவர் என்ன செய்ய முடியும்?

தண்ணீரில் போவது இதைவிட மோசம். ரத்தம் ஆபத்தில்லாத சிவப்புத் தண்ணீர் என்று நினைத்துச் சாக்கடையில் கழுவி விடுகிறோம். கழிவுநீர் எவ்வளவு கெட்டது என்று அளக்க, அதைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று பார்ப்பார்கள். வீட்டுச் சாக்கடைக்கு அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் வரும். ரத்தத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். ஒரு வாளி ரத்தம் சாக்கடையில் விழுந்தால், ஐந்நூறு வாளிச் சாக்கடையை ஊற்றியதற்குச் சமம்.

இதற்கு என்ன வழி என்ற பேச்சு எழும்போதெல்லாம், கழிவிலிருந்து எரிவாயு, மின்சாரம், உயிர் உரம் என்ற சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. வழி உண்மையானது. ஆனால் அதைச் சுற்றி இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. குப்பையைப் போட்டால் பணம் கொட்டும் என்பது ஒன்று. நாற்றம் பிடித்த தொட்டியைக் கொண்டுவந்து நம் தெருவில் வைக்கப் போகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒதுக்கிவைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

காற்றுப் புகாமல் மூடிய ஒரு பெரிய தொட்டி. செரிகலன் என்று சொல்லலாம். கிராமங்களில் பார்த்த சாண எரிவாயுக் கலனின் பெரிய அண்ணன். அதற்குள் நடப்பது ஆட்டின் முதல் இரைப்பைக்குள் நடப்பதை ஒட்டிய வேலைதான். ஆடு தழையைத் தானாகச் செரிப்பதில்லை. இரைப்பையில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் அதை உடைக்கின்றன. அப்போது உண்டாகும் மீத்தேன் ஏப்பமாக வெளியே போய்விடுகிறது. செரிகலனில் அந்த ஏப்பத்தை நாம் பிடித்துக்கொள்கிறோம்.

உள்ளே வேலை கைமாறிக் கைமாறி நடக்கிறது. முதலில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் கொழுப்பையும் புரதத்தையும் மாவுப்பொருளையும் கரையும் துண்டுகளாக நறுக்குகின்றன. அடுத்த கூட்டம் அந்தத் துண்டுகளைப் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்குகிறது. கடைசியில் வரும் மீத்தேன் நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று வாயுவாக விடுகின்றன. இந்தக் கடைசிக் கூட்டம்தான் எல்லாரிலும் மெதுவானது, நோஞ்சான், கோபக்காரக் கூட்டமும்கூட. முன்னால் இருப்பவர்கள் வேகமாக அமிலத்தை உண்டாக்கி, பின்னால் இருப்பவர்களால் அந்த வேகத்துக்குத் தின்ன முடியாமல் போனால், தொட்டி புளித்துவிடும். புளித்த தொட்டியில் மீத்தேன் வராது. நாற்றம் மட்டும் வரும். செரிகலன் நாறுகிறது என்றாலே அதற்கு வயிற்றுக்கோளாறு என்று பொருள். ஒழுங்காக ஓடும் கலனுக்கு மூடிதான் காவல். நாற்றம் கழிவை இறக்கும் இடத்திலிருந்துதான் வரும். அதற்குக் கதவு போட்ட அறையும் உறிஞ்சு விசிறியும் தேவை.

கறிக்கழிவுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பும் ஒரு தனி ஆபத்தும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அது கொழுத்த தீனி. முழுதும் செரித்தால் ஒரு கிலோ மாவுப்பொருளிலிருந்து சுமார் 0.4 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். புரதத்தில் 0.5, கொழுப்பில் ஒரு கன மீட்டர். சாணத்தைவிடக் கறிக்கழிவு அதிக வாயு தருவது இதனால்தான். ஆனால் புரதம் உடையும்போது அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகிறது. அளவு மீறினால் மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு அது விஷம். கொழுப்பு உடைந்து வரும் நீண்ட அமிலங்கள் அந்த நுண்ணுயிர்களின் மேல் எண்ணெய்ப் படலம் போலப் படிந்து மூச்சைத் திணறடிக்கும், நுரை பொங்கும். ரத்தத்தையும் கொழுப்பையும் மட்டும் ஊற்றி ஒரு கலனை ஓட்டப் பார்ப்பது, விருந்துக்கறியை மட்டும் மூன்று வேளையும் ஊட்டிக் குழந்தை வளர்ப்பதைப் போன்றது. சோறும் கீரையும் வேண்டும். அதாவது கரிமச்சத்து மிகுந்த கழிவு: இலை, காய்கறி, வைக்கோல். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 20 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் வயிறு அமைதியாக இருக்கும்.

இந்த இடத்தில் மதுரைக்கு வாய்த்திருக்கும் வசதியைச் சொல்லத்தான் வேண்டும். மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் நாள்தோறும் மிஞ்சுவது, மெஸ்களிலும் கல்யாண மண்டபங்களிலும் குவியும் எச்சில் இலை, பூச்சந்தையில் விலை போகாமல் வாடிய மல்லி, இவையெல்லாம் ரத்தத்துக்குச் சரியான துணை. ஆட்டு, மாட்டு இரைப்பையில் கிடக்கும் பாதி செரித்த தழையோ தன்னோடு நுண்ணுயிர்களையும் கொண்டுவருகிறது; அது தீனியும் விதையும் சேர்ந்தது. வெயிலும் நமக்கு உதவி. 35 டிகிரிக்கு ஒட்டிய சூட்டில் இந்த நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்கக் கலனைச் சூடாக்க வாயுவில் ஒரு பங்கை எரித்தாக வேண்டும். மதுரையில் அந்தச் செலவு மிகக் குறைவு.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் யோசனை அல்ல. ஐதராபாத்துக்கு அருகே, அன்றைய மேடக் மாவட்டத்தின் ருத்ராரத்தில் அல்-கபீர் இறைச்சி ஏற்றுமதி ஆலை இருக்கிறது. 1990-களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் இந்திய மரபுசாரா எரிசக்தி அமைச்சகத்தோடு சேர்ந்து, கழிவிலிருந்து மீத்தேன் எடுக்கும் மாதிரி ஆலைகளை நாட்டின் பல இடங்களில் அமைக்க உதவின. அல்-கபீரில் அமைந்தது அவற்றில் ஒன்று. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் திட்டத்தில் தொழில்நுட்பத் துணையாக இருந்தது. தோலிலிருந்து சுரண்டி எடுக்கும் ஜவ்வை வாயுவாக்குவது பற்றி அங்கே நெடுங்காலமாக ஆய்வு நடந்திருக்கிறது. ஆகவே இந்த அறிவு நமக்கு வெளியூர்ச் சரக்கும் அல்ல.

அல்-கபீரிடமிருந்து மதுரை கற்க வேண்டியது, வாயுவை எங்கே செலவழித்தார்கள் என்பதை. ஆலையின் கொதிகலனில் எண்ணெய்க்குப் பதிலாக எரித்தார்கள். இறைச்சிக்கூடம் என்றாலே சுடுதண்ணீரும் நீராவியும் ஓயாமல் தேவை. தரையைக் கழுவ, கத்தியைச் சுத்தம் செய்ய, கொழுப்பை உருக்க. வாயு உண்டாகும் இடத்திலேயே அதற்குத் தேவையும் இருந்ததால், விற்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அதே திட்டத்தின்கீழ் கோயம்பேடு சந்தையில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவைச் செரிக்க ஓர் ஆலை கட்டினார்கள். அது மின்சாரம் தயாரித்துக் கம்பியில் விடுவதை நம்பியிருந்தது; பல காலம் நின்று நின்றுதான் ஓடியது. வாயுவைச் சூடாகவே பயன்படுத்துவது எளிது, மலிவு. மின்சாரமாக்கினால் எஞ்சின், ஜெனரேட்டர், கந்தக வாயுவை நீக்கும் கருவி என்று பராமரிக்க வேண்டியவை கூடுகின்றன, சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. அனுப்பானடியில் மாநகராட்சியின் நவீன ஆடுவதைக்கூடம் இருக்கிறது. வாயுவுக்கான முதல் வாடிக்கையாளர் அதன் சுடுநீர்த் தொட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பணக் கணக்கையும் மறைக்காமல் போட்டுவிடலாம். ரத்தம், குடல், இரைப்பைத் தழை, காய்கறிக் கழிவு எல்லாம் கலந்த ஒரு டன் 80 கன மீட்டர் வாயு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் வாயு 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். 80 கன மீட்டருக்கு 36 கிலோ. ஓட்டல்காரர்கள் வாங்கும் 19 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய இரண்டு. மின்சாரமாக்கினால் 160 யூனிட். ஒரு டன் கழிவைச் சேகரித்து, பிரித்து, அரைத்து, செரிக்கவைத்ததற்கு இரண்டு சிலிண்டர்! இதை வைத்து யாரும் கோடீசுவரர் ஆகிவிட முடியாது. வாயு விற்ற காசிலேயே ஆலை தன் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டால், இரண்டாம் ஆண்டில் பூட்டுத் தொங்கும். சாக்கடைக்கு நாம் லாபம் கேட்பதில்லை, தெருவிளக்கிடமும் கேட்பதில்லை. வெள்ளக்கல்லுக்குப் போகாத ஒவ்வொரு டன்னுக்கும், கண்மாயில் விழாத ஒவ்வொரு டிரம்முக்கும் மாநகராட்சி தன் துப்புரவுக் கணக்கிலிருந்து ஒரு தொகை தந்தால்தான் இது நிற்கும். வாயு அந்தச் சுமையைக் குறைக்கும், அவ்வளவுதான்.

உரத்தைப் பொறுத்தவரை முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். கலனிலிருந்து வெளிவரும் கரைசலைப் பலர் உயிர் உரம் என்கிறார்கள். வேளாண்மைத் துறையில் உயிர் உரம் என்றால் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற பொட்டலங்கள்; அவற்றில் இருப்பது குறிப்பிட்ட வேலைக்காக வளர்த்த நுண்ணுயிர். இது அதுவல்ல. இது அங்கக உரம், விவசாயிகள் ஸ்லரி என்று சொல்லும் குழம்பு. மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நொதித்த அங்கக உரம் என்ற பெயரிலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். 2023-இல் இத்தகைய ஆலைகளின் உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவியும் அறிவிக்கப்பட்டது. பெயரைச் சரியாகச் சொன்னால்தான் விவசாயி அதைச் சரியாகப் பயன்படுத்துவார்.

இதன் சத்து எங்கிருந்து வருகிறது? வாயுவாக வெளியே போவது பெரும்பாலும் கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். உள்ளே போன நைட்ரஜன், மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் அப்படியே கரைசலில் தங்கிவிடுகின்றன. நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியமாக மாறியிருப்பதால் பயிர் அதை உடனே எடுத்துக்கொள்ளும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது நம் சம்சாரிகளின் கணக்கு. அறுவடை முடிந்த வயலில் கீதாரிகளைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போடுவதும் அந்த வேகத்துக்காகத்தான். செரிகலனின் கரைசல் ஆட்டு எருவின் ஜாதி. நடவுக்கு முன்பும் தூர் கட்டும் பருவத்திலும் கொடுத்தால் பலன் தெரியும்.

வேகமாக வேலை செய்வது வேகமாகவே பறந்தும் போகும். சித்திரை வெயிலில், அதுவும் திருமங்கலம் பக்கத்துக் காரத்தன்மையுள்ள கரிசல் மண்ணில் மேலாக ஊற்றிவிட்டு வந்தால் அம்மோனியா சாயங்காலத்துக்குள் காற்றோடு போய்விடும். பாசனத் தண்ணீரோடு கலந்துவிட வேண்டும். இல்லையென்றால் பொழுது சாய ஊற்றி உடனே மண்ணைக் கிளறி மூட வேண்டும். கறிக்கழிவில் உப்பும் கொஞ்சம் கூடுதல் என்பதால், ஒரே நிலத்தில் வருஷம் முழுக்க ஊற்றாமல் மாற்றி மாற்றி விடுவது நல்லது. மேலூர் பெரியாறு பாசன நெல்லுக்கும், திருப்பரங்குன்றம் பக்கத்து மல்லிகைக்கும், சோழவந்தான் கொடிக்காலுக்கும் எவ்வளவு, எப்போது என்பதைச் சோதித்துச் சொல்ல ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. 1965 முதல் யானைமலை அடிவாரத்தில் அது செய்துவரும் வேலைதான் இது.

நோய்க்கிருமி என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சாதாரணச் சூட்டில் ஓடும் கலன் கிருமிகளைக் குறைக்கும், முற்றிலும் கொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கழிவை 12 மில்லிமீட்டருக்கு மிகாமல் அரைத்து, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே கலனுக்குள் விடச் சொல்கிறார்கள். அதற்கான சூட்டை நம் வாயுவே தரும். அடைப்பான் போன்ற நோயில் செத்த மாடு எந்த நிலையிலும் இதற்குள் போகக்கூடாது. அதன் வித்துகள் எல்லாவற்றையும் தாண்டி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். மருத்துவர் கழித்துவிட்ட உடல்களுக்கு எரிப்பதோ சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பதோதான் வழி. கோழி இறகும் இதில் செரிக்காது. அது நகத்தின் ஜாதி. அழுத்தத்தில் வேகவைத்துத் தூளாக்கும் ஆலைக்குத்தான் போக வேண்டும். கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் கோழிக்கடைக் கழிவை முறையாகச் சேகரித்து இத்தகைய ஆலைக்கு அனுப்பிக் காட்டியிருக்கிறது. கடையிலேயே இறகுக்கு ஒரு வாளி, குடலுக்கு ஒரு வாளி என்று பிரிந்தால்தான் மேலே சொன்ன எல்லாமே நடக்கும். பிளாஸ்டிக் பையோடு சேர்த்துக் கட்டிப் போட்டால் அந்தப் பை பம்பைத்தான் முதலில் கொல்லும்.

டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1960-இல் மதுரையில் மறைந்த ஜே.சி. குமரப்பா, மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பதைப் பொருளாதாரத்தின் அடிப்படையாக வைத்தவர். மேலூர் வயல் வைக்கோலையும் உசிலம்பட்டி மேய்ச்சல் புல்லையும் தின்று வளர்ந்த ஆடு நகரத்துக்கு வருகிறது. அதன் சத்தில் ஒரு பங்கு வைகையில் இறங்கிப் பாழாகிறது. அதே சத்தை யூரியா மூட்டையாக விவசாயி காசு கொடுத்து வாங்குகிறார். இந்த ஓட்டையை அடைப்பதற்குக் குமரப்பா வாழ்ந்த ஊர்க்காரர்கள் முன்வரவில்லை என்றால் வேறு யார் வருவார்கள்? குப்பைப் பிளாஸ்டிக்கைச் சாலையில் போட வழி கண்டவரும் இதே மதுரையின் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன்தான்.

ஆளைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதுவது எனக்குத் தகாது. கறிக்கழிவை அள்ளும் வேலை இந்த ஊரில் யார் தலையில் விழுகிறது என்பது நமக்குத் தெரியும். புதுக் கலன் வந்தாலும் அதே கைகள் வெறுங்கையாக அதே டிரம்மைத் தூக்கினால் அது முன்னேற்றம் ஆகாது. கலனுக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும். மலக்குழிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. செரிகலனை வரையும் முதல் நாளிலேயே, அடைப்பெடுக்க யாரும் உள்ளே இறங்கத் தேவையில்லாதபடி அதை வரைய வேண்டும். டெண்டரின் முதல் நிபந்தனை அதுவாக இருக்கட்டும். வாயுவின் அளவெல்லாம் பின்னால் வரட்டும்.

கடைசியாக, நம் ஊர் நாள்காட்டி. இந்த வயிற்றுக்கு ஒழுங்கான சாப்பாட்டு நேரம் வேண்டும்; இன்று பட்டினி, நாளை விருந்து என்றால் தாங்காது. மதுரையின் கறிக்கணக்கோ அப்படித்தான் ஏறி இறங்குகிறது. புரட்டாசியில் பாதி வீடுகள் கறி எடுப்பதில்லை. ஆடியில் கிடாவெட்டு. திருமங்கலத்துக்கு அருகே வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாதம் பிரியாணி அண்டாக்கள் வரிசை கட்டி நிற்கும். புரட்டாசியில் கலனைக் காய்கறிக் கழிவும் இலையும் சாணமும் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி விழும் ரத்தத்தையும் குடலையும் குளிரறையில் வைத்து, பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பங்கிட்டு, தினமும் அதே நேரத்தில், அதே அளவு ஊட்ட வேண்டும்.